முட்டைப் பூச்சு

சுண்ணாம்பும் பச்சை முட்டையும் கலந்த அந்தக் ‘கவிச்சி’ வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. வெண்ணாற்றங்கரையில் எங்கள் ஊர்ப் பண்ணையாரின் ‘பெரிய வீட்டுக்கு’, அவர் மகள் கல்யாணத்தை முன்னிட்டு, சுவரெல்லாம் மினுங்க வேண்டுமென்று வெள்ளைக்கருப் பூச்சு நடந்த கோடை அது. முட்டை எங்கிருந்து வந்தது? அந்தப் பண்ணையில் கூலிவேலை செய்த எங்கள் கீழத்தெருவிலிருந்துதான். கோழி எங்களுடையது, தீனி எங்களுடையது, முட்டை மட்டும் அவர்களுடையதாம்! மறுத்தால் நடவுக்குக் கூப்பிட மாட்டார்கள் என்ற பயத்தில் வீட்டுக்கு வீடு கூடையில் போட்டோம்.

ஆட்சி மாறிவிட்டது, இனி எவனுக்கும் கைகட்டி நிற்க வேண்டாம் என்று மேடையில் முழங்கினார்களே, அந்தக் கூட்டத்துக்கு அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். மாறியது என்னவோ பண்ணைக் காரியக்காரரின் துண்டுக் கரைதான். புதுக் கரைத் துண்டோடு முட்டைக்கூடையைத் தூக்கிவந்தவரும் அவரேதான்.

அந்தக் கோடையில் என் தங்கை அஞ்சலை காய்ச்சலில் விழுந்து, எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். தினம் ஒரு முட்டை கொடுக்கச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். தினம் எங்கே போவது? அம்மா ஒன்றே ஒன்றைத் தவிட்டுப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். காரியக்காரர் பானைக்குள் கைவிட்டு எடுத்துவிட்டார்.

“புள்ளைக்கு முடியலைங்க ஐயா, இது ஒண்ணை மட்டும் விட்டுடுங்க.”

“பெரிய வீட்டுல கல்யாணம் நடக்கப்போவுது, உன் புள்ளைக்கு முட்டை கேக்குதோ?”

அம்மா கையாலேயே அதைக் கூடையில் போடவைத்தார். ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் அஞ்சலை போய்விட்டாள். அந்த ஒரு முட்டை அவளைக் காப்பாற்றியிருக்குமா? தெரியாது. ஆசையாகத் தின்றிருப்பாளே, அது போதாதா!

பிறகு நில உச்சவரம்புச் சட்டம் நெருக்கியதும் நிலமெல்லாம் பினாமி பெயர்களுக்குப் போனது; வீடு பல்கலைக்கழகத்துக்குப் போனது. வாசலில் ‘கல்விக்கொடை’ என்று கல்வெட்டு வேறு. கொடையாம் கொடை! அதே வளாகத்தில் தாவரவியல் ஆசிரியையான நான், ‘பூச்சுக்கு முட்டை கொடுத்தது கீழத்தெரு’ என்று அந்தக் கல்வெட்டில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். “பாரம்பரியத்துல எதுக்கு மேடம் அரசியல்?” என்கிறார் அலுவலர். கீழத்தெரு இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன.

போன வாரம் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டியவர், “தடவிப் பாருங்க, எப்படி வழவழன்னு இருக்கு” என்றார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே தடவினார்கள். கூட நின்ற எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் குரல் வந்ததோ.

“கையை எடுங்க எல்லாரும்! அது என் தங்கச்சியோட முட்டை.”