நின்றுபோன உதவித்தொகையும் நாங்கள் ஏறிய வாசல்களும்

மனுக் கொடுப்பதும் ஒரு தொழில்தான். கூலி கிடையாது, லீவு கிடையாது, கூட வருகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பதும் நம் பொறுப்பு. உங்களில் யாராவது ஒரு பெரிய மனிதர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, "உள்ள இருக்காகளா?" என்று கேட்டுக் காத்து நின்றிருந்தால், மேற்கொண்டு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் நம்ம ஆள்தான்.

நான் சிவகாசியில் காலண்டர் அடிக்கிற ஒரு பிரஸ்ஸில் கட்டிங் மெஷினில் இருந்தவன். ஒரு சீசனில், ஆர்டர் நெருக்கடியில், இடது கை விரல்களை அந்த மெஷின் எடுத்துக்கொண்டது. வலது கை நன்றாக இருந்ததால், "நீ எழுதுவேல்ல" என்று சொல்லி எங்கள் பக்கத்து மாற்றுத்திறனாளிகள் சங்கத்துக்கு என்னைச் செயலாளராக்கிவிட்டார்கள். முதலில் எல்லாம் பஸ் பாஸ், மூன்று சக்கர வண்டி என்று சின்னச் சின்ன மனுக்கள்தான். பிறகு மறுபரிசோதனை முகாம் என்று ஒன்று வந்தது. யாருக்கு ஊனம் எத்தனை சதவீதம் என்று மறுபடியும் பார்த்தார்கள். குறைந்திருக்கிறது என்று எங்களில் பல பேருக்கு மாத உதவித்தொகையை நிறுத்தினார்கள். எனக்கும் நின்றது. வெட்டுப்பட்ட விரல் முளைக்குமா என்று யாராவது போய்க் கேட்க வேண்டுமே. அதற்காக நாங்கள் அலைந்த கதைதான் இது.

தம்ளர்

முத்துமாரி விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வெடிக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்தவள். ஒரு விபத்தில் முகமும் இரண்டு கைகளும் வெந்துபோயின. உயிர் பிழைத்து வந்தாள். விரல்கள் உள்ளங்கையோடு சுருண்டு ஒட்டிக்கொண்டன. சோறு, தண்ணீர் எல்லாம் அம்மா கொடுத்தால்தான். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் நாலு பேர் பார்க்க அம்மா தண்ணீர் புகட்டியது அவளுக்கு என்னவோ போலாகிவிட்டது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் தம்ளரை இடுக்கித் தூக்கப் பழகினாள். எத்தனையோ நாள் சேலை நனைந்தபிறகு அது கைவந்தது.

முகாமில் டாக்டர் மேஜைமேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து, "குடிங்க பாப்போம்" என்றார். அவள் குடித்தாள். அவர் எழுதிக்கொண்டார். அடுத்த மாதத்திலிருந்து பணம் வரவில்லை.

விஷயம் தெரிந்து நான் அவள் வீட்டுக்குப் போனேன். "ஏம் தாயி, முடியலன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். வாயை விட்டு வந்த பிறகுதான், ஒரு மனுஷியிடம் கேட்கிற கேள்வியா இது என்று பட்டது. அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "சிந்தாமக் குடிச்சா, பரவாயில்லயேன்னு ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு நெனச்சேண்ணே."

மாடி

முதலில் ஒரு எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போனோம். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். அதன்பிறகு எல்லாக் கட்சி வாசலையும் பார்த்துவிட்டோம், படிதான் கூடக் குறைய இருந்தது. அவர் அலுவலகம் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே, மாடியில். எங்கள் பாண்டிக்கு இரண்டு காலும் போலியோவில் சூம்பிப்போனவை. செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அன்றைக்கு வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டு, நெற்றியில் திருநீறு வைத்து, பக்கவாட்டில் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் மாப்பிள்ளை மாதிரி வந்திருந்தான். "நான் கீழ இருக்கேண்ணே, நீங்க பாத்துட்டு வாங்க" என்றான். அதற்குள் மேலேயிருந்து இரண்டு கட்சிக்காரப் பையன்கள் இறங்கி வந்து, கேட்காமலேயே ஆளுக்கொரு பக்கமாக நின்று கக்கத்திலும் முழங்காலிலும் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார்கள்.

நல்ல மனசோடுதான் தூக்கினார்கள். ஆனால் சட்டை மேலே ஏறி வயிறு தெரிந்தது, ஒரு பட்டன் தெறித்து விழுந்தது, பேன்ட் இறங்கியது. பிடித்துக்கொள்ள அவனுக்குக் கை இல்லை, இரண்டு கையும் அவர்கள் கழுத்தில். ஹார்டுவேர் கடையில் பில் போடுகிற பெண் எழுந்து உள்ளே போய்விட்டது. பாதிப் படியில் எம்.எல்.ஏ.வே எதிரில் இறங்கி வந்தார். "அடடே, எதுக்கு சிரமப்படுத்துறீக, கீழயே பேசலாமே" என்றார். பையன்கள் அப்படியே திரும்பி அவனை இறக்கினார்கள். கார்க் கதவைத் திறந்து உட்கார்ந்தபிறகு ஜன்னல் வழியாக மனுவை வாங்கிக்கொண்டு போனார்.

பாண்டி ஸ்கூட்டரில் உட்கார்ந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவனாகத்தான் பேசினான்: "சப்பரத்துல போற சாமியக்கூட அலங்காரம் கலையாமத்தாண்ணே தூக்குவாக."

முந்தானை

அடுத்து, மாவட்ட அளவில் பேர் சொல்லக்கூடிய ஒரு தலைவர் வீடு. உள்ளூர் கட்சிச் செயலாளர் ஒருவர் கூட்டிக்கொண்டு போனார். முத்துமாரி வெளியே வந்தால் முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொள்வாள். வாசலிலேயே செயலாளர் அவளிடம், "உள்ள போனதும் அத எடுத்துரும்மா. அண்ணன் பாத்தாத்தான் வேலை நடக்கும்" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். மனு ஜெயிக்க வேண்டுமே என்று பேசாமல் நின்றேன்.

உள்ளே போய் முந்தானையை எடுத்தாள். தலைவர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். அதன்பிறகு செல்போனைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். அவள் தன் கதையைச் சொல்லச் சொல்ல அவர் காலண்டரிடமே "ம்", "ம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். செயலாளர் தலையைச் சொறிந்தார். நான் என் செருப்பில்லாத காலைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் முத்துமாரியே பேச்சை நிறுத்தினாள்.

கோபமாகச் சொல்லவில்லை, உபகாரம் செய்கிற மாதிரிதான் சொன்னாள்: "நான் மூடிக்கிடுதேன் ஐயா. நீங்க இங்கன பாத்தே பேசுங்க."

ஃப்ளெக்ஸ்

தீபாவளி நெருங்கியபோது ஒரு பட்டாசு முதலாளி எங்களுக்கு அரிசியும் வேட்டி சேலையும் தரக் கூப்பிட்டார். கட்சியில் பொறுப்பில் இருக்கிறவர், அமைச்சருக்கு வேண்டியவர். எங்களுக்கு அரிசி வேண்டியதில்லை, அமைச்சரிடம் ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. போனோம். வரிசையாக நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். சங்கரலிங்கம் மாமாவும் வந்திருந்தார். ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேட்டு வைக்கும்போது இரண்டு கண்ணையும் பறிகொடுத்தவர் அவர். போட்டோக்காரர் "சிரிங்க" என்றதும் மாமா, "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பைத்தான் படம் எடுத்துக்கொண்டார்கள்.

என் மகள் ஒரு பிரஸ்ஸில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறாள். அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டேன். அந்த முதலாளி படம் போட்ட ஃப்ளெக்ஸ் ஆர்டர் அவள் மேஜைக்கே வந்திருக்கிறது. கீழே எங்கள் வரிசை. அதில் நான், மூளிக் கையால் அரிசிப் பையை அணைத்துக்கொண்டு. அப்பா அங்கே போனது அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லியிருக்கவில்லை.

"திட்டுறதுன்னா திட்டிரு தாயி" என்றேன். அவள் திட்டவில்லை. "கைய மட்டும் பெருசாக் காட்டச் சொன்னாகப்பா. நான் உங்க மொகத்த வச்சுட்டேன்."

கேட்காத காது

அமைச்சரைப் பார்க்க விருதுநகருக்கு எத்தனையோ நடை போனோம். ஒரு லோடு ஆட்டோவைப் பேசி, பின்னால் சாக்கு விரித்து உட்கார்ந்துகொள்வோம். பாண்டி மட்டும் ஸ்கூட்டரில் வருவான். அமைச்சர் வந்து தங்குகிற பயணியர் மாளிகை வாசலில் ஒரு உதவியாளர் இருப்பார். ஒல்லியான மனிதர், கக்கத்தில் எப்போதும் ஒரு பை. நாங்கள் "சார், சார்" என்போம். அவர் கடந்துபோவார், திரும்பக்கூட மாட்டார். ஒருநாள் பாண்டிக்குப் பொறுக்கவில்லை. அவர் கடந்துபோகும்போது, "நம்மளப் பாத்தா நாய் மாதிரித் தெரியுது போல. வெட்கங்கெட்ட பய" என்று சத்தமாகவே சொன்னான்.

அதற்கும் அவர் திரும்பவில்லை. பக்கத்தில் நின்ற போலீஸ்காரர்தான் அவர் தோளைத் தொட்டு எங்களைக் காட்டினார். அவர் எங்களிடம் வந்து, பாண்டியின் ஸ்கூட்டருக்கு மறுபக்கமாகச் சுற்றிப்போய் நின்று குனிந்தார். "கூப்பிட்டீகளா? ரொம்ப நேரமா நிக்கீகளா?" என்று மரியாதையாகக் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "அடுத்த வாரம் காலையில வாங்க, நான் உள்ள விடுதேன்" என்றார். பாண்டிக்கு முகம் கறுத்துவிட்டது. அவர் போகிற போக்கில் நின்று, யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: "எனக்கு எடது காது சுத்தமாக் கேக்காது. இங்கன யாருகிட்டயும் சொல்லிராதீக."

மோசமான கேஸ்

சொன்னபடியே உள்ளே விட்டார். நான், முத்துமாரி, சங்கரலிங்கம் மாமா மூன்று பேரும் உள்ளே போனோம். வாசலில் படி இருந்ததால் பாண்டி வரமாட்டேன் என்றுவிட்டான். இந்தத் தடவை நானும் வற்புறுத்தவில்லை. மற்றவர்கள் வெளியே லோடு ஆட்டோவில் இருந்தார்கள்.

அமைச்சர் மனுவை முழுதும் படித்தார். அதுவே எங்களுக்குப் புதுசு. படித்துவிட்டு, "எல்லாருக்கும்னா கொஞ்சம் நாளாகும். உங்கள்ல ரொம்ப மோசமான கேஸ் யாரு, அத மட்டும் சொல்லுங்க. இப்பவே போன் போட்டு முடிச்சுத் தாறேன்" என்றார். உண்மையாகவே உதவி செய்கிற எண்ணத்தில்தான் சொன்னார். கையில் போனையும் எடுத்துவிட்டார்.

செயலாளர் நான்தானே சொல்ல வேண்டும்? முத்துமாரி என்று வாய்வரை வந்தது. அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இவள்தான் ரொம்ப மோசம் என்று கை காட்டுவதா? ஆட்டோவில் இருக்கிறவர்களிடம் போய், உங்களுக்கு அவ்வளவு மோசமில்லை என்று சொல்வதா? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நிமிஷம், நம்ம பேரையே சொன்னால் என்ன என்றும் ஓடியது. காது வரைக்கும் சூடாகிவிட்டது. அமைச்சர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "பெரியவரே, நீங்க சொல்லுங்க" என்று மாமாவைக் கேட்டார்.

மாமா குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பி, கும்பிட்டபடி நிதானமாகச் சொன்னார்: "அதப் பாத்துச் சொல்ல எனக்குக் கண்ணு இல்லீக ஐயா. கண்ணு இருக்கிறவுக பாத்து எல்லாருக்கும் செய்யுங்க."

பொன்னாடை

அமைச்சர் போனைக் கீழே வைத்தார். பிறகு எல்லோருக்கும் மறுபடி பார்க்கச் சொல்வதாகச் சொன்னார், சொன்னபடி செய்யவும் செய்தார். புது முகாம் நடந்தது, வேறு டாக்டர்கள் வந்தார்கள். முத்துமாரிக்கும் பாண்டிக்கும் மாமாவுக்கும் திரும்ப வந்தது, இன்னும் பல பேருக்கும் வந்தது. சில பேருக்கு வரவில்லை. அதில் நானும் ஒருத்தன். வலது கை நன்றாக இருக்கிறதாம்.

அடுத்த மாதமே கட்சிக்காரர்கள் நன்றி அறிவிப்பு விழா என்று மேடை போட்டார்கள். சங்கத்து ஆட்கள் முன்வரிசையில் உட்கார வேண்டும், அமைச்சர் சார்பில் வருகிற பட்டாசு முதலாளிக்குச் செயலாளர் நான் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று ஏற்பாடு. முத்துமாரியைக் கூப்பிட்டேன், வரவில்லை என்றாள். பாண்டி கடையில் வேலை இருக்கிறது என்றான். நான் போனேன். விடுபட்டவர்களுக்காக இன்னும் அதே வாசலுக்குத்தானே போயாக வேண்டும்? மேடையில் பொன்னாடையை விரிக்கும்போது இடது கையில் பிடி நிற்காமல் வழுக்கிக் கீழே விழுந்தது. தீபாவளிக்கு எங்களுக்கு அரிசி கொடுத்த அந்த முதலாளியே குனிந்து எடுத்தார். "பரவாயில்ல, பரவாயில்ல" என்று தானே தன் தோளில் போட்டுக்கொண்டு, போட்டோவுக்கு என் முதுகில் கையை வைத்துக்கொண்டார். கூட்டம் கை தட்டியது. முன்வரிசையில் இருந்த எங்கள் ஆட்களும் தட்டினார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் முத்துமாரியைப் பார்த்தபோது நடந்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்: "நம்மகிட்ட இருந்து எடுத்தத நம்மகிட்டயே குடுத்ததுக்கா பொன்னாடை போட்டீக?"

வெட்கப்பட வேண்டியவர்களுக்கெல்லாம் அதற்கு நேரமில்லாததால், மனுக் கொடுக்கிற வேலையோடு அந்த வேலையையும் நாங்களே சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.