சாமி எண்ணெயும் முதல் லீவுச் சனிக்கிழமையும்

சனிக்கிழமை இனிப் பள்ளிக்கூடம் கிடையாது, வாரத்துக்கு ஐந்தே நாள்தான் என்று உத்தரவு வந்த அன்று, நன்னிலம் பக்கத்துக் கிராமத்தில் ஒற்றை வாத்தியாராக இருந்த என் வீட்டுக்காரரைவிட நான்தான் அதிகம் குதித்தேன். அதற்கு முந்தின ஆடியில் மகளுக்கு மஞ்சள் காமாலை கண்டபோது, தம்பதியாக ஒரு சனிக்கிழமை வந்து குளத்தில் முழுகி, எங்கள் வயல் எள்ளில் ஆட்டிய எண்ணெயில் விளக்கேற்றுகிறோம் என்று திருநள்ளாற்றுச் சனீஸ்வரனுக்கு வேண்டியிருந்தேன். பிள்ளை பிழைத்துவிட்டாள். ஆனால் சனிக்கிழமை இவருக்கு மாற்றாள் கிடையாது. பள்ளி விட்டுப் போகலாமென்றால், வயலாட்களின் கூலித் தகராறு முற்றி, சாயங்கால பஸ்ஸும் நின்றுபோயிருந்தது. நேர்ந்ததைச் செய்யாமல் தை வந்துவிட்டது.

முதல் லீவுச் சனிக்கிழமை. கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தால் எண்ணெய்ச் செம்பு காலி! கொல்லையில் மனுஷர் தலையிலிருந்து கால்வரை பளபளவென்று உட்கார்ந்திருக்கிறார்.

"ஏங்க, அது சாமி எண்ணெய்ங்க!"

"சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிச்சு எத்தனை நாளாச்சு! கை தானா போயிடுச்சுடி."

"இப்ப உங்க தலையைப் பிழிஞ்சுதான் விளக்கேத்தணும்!"

செம்பைச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் ஓர் அகலுக்குக் காணும். அதற்குள் பஸ் ஹாரன். சீயக்காய்க்கு ஏது நேரம்? எண்ணெய் தேய்த்து முழுகுவதுதானே அந்தக் குளத்து வழக்கம், அப்படியே வாங்க என்று வேட்டியைச் சுற்றிவிட்டு இழுத்துக்கொண்டு ஓடினேன். பஸ்ஸில் ஒருத்தரும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

நடுவழியில் செங்கொடியோடு அறுவடை ஆட்கள் மறியல். உச்சிக்கு நடை சாத்திவிடுவார்களே என்று சூரியனை அண்ணாந்து பார்த்தேன். முன்னால் நின்றவர் தம் பிள்ளைகளை இவரிடம் படிக்க விட்டவர். ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"என்ன வாத்தியாரய்யா, சட்டியிலேருந்து எடுத்த வடையாட்டம் இருக்கீங்க?"

"லீவு கிடைச்சுதுப்பா, தலை கால் புரியல."

"உங்களுக்கு வாரத்துல ரெண்டு நாள் ஆயிடுச்சு. எங்களுக்கு எப்பங்க?"

"கேக்குறதை விடாதீங்க. சாமிகிட்ட நானும் சொல்றேன்."

"எண்ணெய் கண்ணுல இறங்குறதுக்குள்ள போய்ச் சொல்லுங்க. டேய், பஸ்ஸை விடுங்கடா!"

குளத்தில் கைகோத்து முழுகினோம். ஈரத்துணியோடு ஓடி, நடை சாத்துமுன் அந்த ஒற்றை அகலை இருவர் கையும் சேர்த்து ஏற்றினோம். சுடர் நின்றது. மகளைக் காத்ததற்குக் கண்ணீரோடு கும்பிட்டுவிட்டு, மறியல்காரர்களுக்கும் வாரத்தில் ஒரு நாள் லீவு வேண்டுமென்று வாய்விட்டுக் கேட்டேன்.

"மறந்துட்டியோன்னு பாத்தேன்" என்றார் இவர், காது மடலில் இன்னும் எண்ணெய் மின்ன.