பாரமில்லாத கால்

கனடாவின் ஸ்காபரோவில் நான் இருக்கும் பக்கத்தில் ஒரு பெரிய கடைத்தொகுதி உண்டு. பனிக்காலத்தில் வெளியே நடக்க முடியாத முதியவர்கள் உள்ளே நடக்கட்டும் என்று, கடைகள் திறப்பதற்கு முன்பே அதன் வெளிக்கதவுகளைத் திறந்துவிடுவார்கள். ஒருநாள் பேருந்துக்கு நேரம் இருந்ததால் குளிருக்கு ஒதுங்கி நானும் உள்ளே போனேன். இரும்புக் கதவு இறக்கியிருந்த சப்பாத்துக் கடைக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு சீன முதியவர்கள் நின்றார்கள். ஒருவரும் பேசவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு காலை மெல்ல எடுத்தார்கள்; அதைவிட மெல்ல வைத்தார்கள். தூங்கும் பிள்ளையின் அறைக்குள் எதையோ எடுக்கப் போகிறவர்களின் நடை அது. எங்கள் திருகோணமலையில் துறைமுகத்தடியில் பத்துப்பேர் இப்படி நின்றால், பொலிஸ் வருவதற்கு முன் ஊர் வந்துவிடும். இங்கே துப்புரவுத் தொழிலாளி அவர்களைச் சுற்றித் துடைத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பெயர் தாய்ச்சி என்று பிறகுதான் தெரிந்தது. சொல்லிக்கொடுப்பவர் மிஸஸ் லீ. உயரம் என் தோள்வரை, ஆங்கிலம் ஒரு கைப்பிடி. கடைசி வரிசையில் நின்று நானும் கையை ஆட்டியபோது அவர் வந்து என் இடது காலைத் தட்டி, "எம்ப்டி, எம்ப்டி" என்றார். பிறகு அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினார். காலையில் சாப்பிடாமல் வந்ததைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்து, வேலைக்குக் கொண்டுபோன மீன் ரோல்ஸை எடுத்து அவருக்கும் பாதி கொடுத்தேன். மறுக்காமல் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துவிட்டு மறுபடியும் என் காலைத் தட்டி, "எம்ப்டி" என்றார். உடம்பின் பாரம் முழுவதையும் ஒரு காலுக்குக் கொடு, மற்றக் கால் பாரமில்லாமல் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும், மூச்சை அடிவயிறுவரை இறக்கு என்பதுதான் அவர் சொன்னது. இரண்டு காலிலும் பாதிப் பாதியாகப் பாரத்தை வைத்து நிற்பது தாய்ச்சியில் பெரிய பிழையாம். அப்படி நிற்பவரை ஒரு விரலால் தள்ளிவிடலாம். மிஸஸ் லீ என்னைத் தள்ளிக் காட்டினார். நான் போய்ச் சப்பாத்துக் கடைக் கதவில் மோதினேன்.

ஆனாலும் விடாமல் போனேன். காரணம் என் தோள்கள். யாரோ அடிக்க வருவதுபோல அவை காதோடு ஒட்டியே இருந்தன. சண்டைக்காலத்தில் தூக்கிக்கொண்டவையோ, இந்த நாட்டில் பொதி கட்டும் வேலைக்குப் போய்த் தூக்கிக்கொண்டவையோ தெரியாது. ஒருநாள் மூச்சை விடும்போது அவை தாமாகவே கீழே இறங்கின. எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோசத்தில்தான். அன்றிலிருந்து காண்கிற தமிழரிடமெல்லாம் தாய்ச்சிக் கதைதான். மரக்கறிக் கடையில் என்னைக் கண்டதும் அடுத்த வரிசைக்கு மாறுகிறவர்களும் இப்போது இருக்கிறார்கள்.

இந்த நேரத்தில்தான் ஊரில் என் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தார். திருகோணமலையில் அக்காவைத் தெரியாதவர்கள் குறைவு. காலமெல்லாம் பெண்கள் பாடசாலையில் விளையாட்டு டீச்சராக இருந்தவர். கழுத்தில் விசில் தொங்க அவர் 'அற்றென்ஷன்' என்று கத்தினால், மதிலுக்கு வெளியே போகிறவர்களும் ஒருகணம் நின்றுவிட்டுத்தான் போவார்கள். நானும் அவரிடம் படித்தவள். ட்ரில் நேரத்தில் எனக்கு மட்டும் தவறாமல் வயிற்றுவலி வரும். கல்யாணம் செய்யாமல், உட்துறைமுக வீதிக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் எங்கள் வீட்டில் தனியாக இருக்கிறார். இடுப்பெலும்பு பொருந்திவிட்டது, இனி நடக்கலாம் என்று டொக்டர் சொன்ன பிறகும் அவர் சுவரை விடவில்லை. வாக்கரைத் தொடவும் மறுத்துவிட்டார். ஊரில் பாதிப்பேர் அவருடைய மாணவிகள். அவர்கள் முன்னால் வாக்கரைத் தள்ளிக்கொண்டு போவதா? வாசற்படி தாண்டுவதையே நிறுத்திவிட்டார். கொழும்பில் இருக்கும் எங்கள் மச்சாள், வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வந்து இருக்கும்படி கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வீட்டைப் பூட்டினால் அக்கா பாதி ஆளாகிவிடுவார் என்பது எனக்குத் தெரியும். விடுமுறை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். நான் திரும்புவதற்குள் அக்கா தனியாக நடக்கவேண்டும். இல்லாவிட்டால் கொழும்புதான்.

போன மறுநாளே குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், தொடங்கினேன். அக்கா ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இதென்னடி, நோய் வந்த கோழி மாதிரி? இதுக்கே கனடா போனனி?"

"ஒருக்காச் செய்து பாருங்கோவன் அக்கா."

"எண்ணிக்கை இல்லாமல் என்ன பயிற்சி? ட்ரில்லுக்கு ஒளிச்சவள் எனக்கு ட்ரில் பழக்க வந்திருக்கிறாள்."

ஒருவாறு சுவரை விடச் சம்மதித்தார். விட்ட உடனே என்ன செய்தார் தெரியுமா? அற்றென்ஷனில் நின்றார். குதிகள் ஒட்டி, முழங்கால்கள் இறுகி, மூச்சு நெஞ்சுக்குள் நின்றுவிட்டது. பிள்ளைகளுக்கு ஆயிரம் தரம் சொன்னதை அவருடைய உடம்பு கேட்காமலே செய்தது. இரண்டு காலிலும் சரிபாதிப் பாரம். அப்படி நிற்கிறவருக்கு அடுத்த அடி எடுத்துவைக்க எந்தக் கால் மிச்சம் இருக்கும்? அவர் ஏன் பயப்படுகிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பாதிப் பாதியாக நின்றால் ஒரு விரல் தட்டினாலும் விழுந்துவிடுவீர்கள் என்று சொல்லி, முழங்காலை இளக்கச் சொன்னேன். "அது கூடாத பழக்கம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

சில நாட்கள் இப்படியே போயின. பிறகு ஒரு காலையில் அவரைக் கதிரையில் இருத்தி, மிஸஸ் லீ செய்விக்கும் தியானத்தைத் தொடங்கினேன். கண்ணை மூடி, மூச்சை வயிறுவரை இறக்கி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே ஒரு பந்து இருப்பதாக நினைக்கவேண்டும்.

"என்ன பந்து?" என்று கேட்டார் அக்கா.

"வலைப்பந்து" என்றேன்.

கைகள் உடனே சரியான அகலத்துக்கு விரிந்தன. கொஞ்ச நேரம் போனது.

"எடியே, கையுக்கை சூடாக் கிடக்குது. பிரஷர் ஏறுதோ?"

"இல்லை அக்கா, அதுதான் அது."

"எது?"

சீனர்கள் அதைச் 'சி' என்கிறார்கள், உயிர்ச்சக்தி என்றேன். அக்கா ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். பந்தைக் கீழே போடாமல் எழும்பச் சொன்னேன். எழும்பினார். வலைப்பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் அற்றென்ஷனில் நிற்பதில்லை. முழங்கால்கள் தாமாக இளகின, பாரம் வலது காலுக்குப் போனது. இடது கால் மெல்ல முன்னால் வந்து தரையைத் தொட்டது. இரண்டு கைகளும் காற்றைப் பிடித்திருந்ததால் சுவரைப் பிடிக்கக் கை இருக்கவில்லை. குசினியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு அக்கா நடந்துபோனார். நான் துள்ளிய துள்ளலில் தேங்காய்ப்பூக் கோப்பை கவிழ்ந்தது. அதற்கும் ஏச்சு வாங்கினேன்.

அதற்குப் பிறகு முற்றம், படலை, ஒழுங்கை முடக்கு. ஆனால் ஊருக்கு முன்னால் நடக்க அக்கா துணியவில்லை. நான் புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம், கெஞ்சிக் கூத்தாடி ஓட்டோவில் டச் பே கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இறங்கியதுமே இரண்டு பழைய மாணவிகள், "டீச்சர், சுகமா?" என்றார்கள். அக்காவின் முழங்கால் இறுகியதை நான் கண்டேன். கோதோடு வறுத்த நிலக்கடலையை நாங்கள் கச்சான் என்போம்; அதை விற்கிற முஸ்லிம் நானா ஒருவர் எங்களுக்கு இரண்டு கடதாசிச் சுருள் தந்தார். அக்கா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கடல் பக்கம் பார்த்து நின்றார்.

எங்கள் ஊர் மான்களைப் பற்றி ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. காட்டை மறந்து கடற்கரையிலும் கடைத்தெருவிலும் திரிகிற ராசாக்கள். கொம்பில்லாத கொழுத்த மான் ஒன்று கச்சான் வாசத்துக்குப் பின்னால் வந்து, அக்காவின் இடுப்பில், விழுந்து முறிந்த அதே பக்கத்தில், தலையால் ஒரு தள்ளுத் தள்ளியது. நான் எட்டி நின்றேன். ஓடினாலும் பிடித்திருக்க முடியாது.

அக்கா எதிர்த்துத் தள்ளவில்லை. இறுகவும் இல்லை. பாரம் பின் காலுக்குப் போனது, இடுப்பு மெல்லத் திரும்பியது, முன்கால் பாரமில்லாமல் மணலைத் தொட்டுக்கொண்டு நின்றது. மான் அவரைக் கடந்து அந்தப் பக்கம் போய், தள்ளியதில் சிந்திய கச்சானைப் பொறுக்கத் தொடங்கியது. மிஸஸ் லீ பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார்.

"டீச்சர் விழேல்லையே?" என்று நானா ஓடிவந்தார்.

"ஏன் விழ?" என்றார் அக்கா. "எனக்கு இன்னொரு சுருள் தாங்கோ."

நான் மணலில் குந்திச் சிரித்தேன், அழுதேன், இரண்டையும் ஒன்றாகச் செய்தேன். அக்கா என் கையைப் பிடிக்காமல் வீதிவரை நடந்தார். அந்த மாணவிகளைத் தாண்டும்போது வேண்டுமென்றே இன்னும் மெதுவாக நடந்தார் என்று நினைக்கிறேன். அன்றிரவே மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்து, கொழும்புக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் விமான நிலையத்துக்குப் போகும் வான் வந்து நின்றது. எனக்குப் படலையைத் தாண்டக் கால் வரவில்லை. எங்கே இருக்கிறீர்கள் என்று ஆட்கள் கேட்டால், "பாதி அங்க, பாதி இஞ்ச" என்று சொல்லித்தான் இத்தனை வருடமும் சமாளித்து வந்திருக்கிறேன். அக்காவிடமும் அதையே சொன்னேன்.

"பாதிப் பாதி எண்டு நிண்டால் மான் தட்டினாலும் விழுந்திடுவாய் எண்டு நீதானே சொன்னனி?" என்றார் அக்கா. "போய் அங்க முழுசா நில். மற்றக் கால் இஞ்ச சும்மா தொட்டுக்கொண்டு கிடக்கட்டும். அதை ஒருத்தரும் எடுக்கச் சொல்லேல்லை."

இப்போது காலையில் கடைத்தொகுதிக்குப் போனதும் கைப்பேசியைச் சப்பாத்துக் கடைக் கதவில் சாய்த்து வைக்கிறேன். திரையில் திருகோணமலையின் பின்னேர வெயில், மணல், அக்கா. அவர் விசிலை ஊதினால்தான் நாங்கள் தொடங்குவோம். மிஸஸ் லீக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. என் வலது கால் இந்த வழுக்கும் தரையில் முழுப் பாரத்தோடு நிற்கிறது. இடது காலை மெல்ல எடுத்து, மெல்ல வைக்கிறேன். விரல் நுனி தரையைத் தொடும்போதெல்லாம், அங்கே கச்சான் கோது கிடக்கிறதா என்று ஒருகணம் குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.