விரலை நீட்டும் கயிறு

ஒட்டுப்பால் நாற்றம் தெரியுமா உங்களுக்கு? தேங்காய்ச் சிரட்டையில் காய்ந்து ஒட்டிய ரப்பர் பாலை உரித்துச் சாக்கில் கட்டிப்போட்டால் வருமே... அது. பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் தோட்டத்தில் மரம் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டுக்குப் போன காலத்தில், சாப்பிடும் சோற்றிலும் எனக்கு அந்த நாற்றம்தான்.

அப்போது மகள் கைக்குழந்தை. விடியும் முன்பே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக ஓடுவேன். என் வெட்டு மரத்துக்கு நோகாது என்று பேர் இருந்தது. பேர்தான் மிச்சம், போங்கள்.

மழை விட்ட ஒரு காலையில் சரிவில் வழுக்கினேன். கையிலிருந்து தெறித்த கத்தியின் மேலேயே வலது புறங்கை போய் விழுந்தது.

தையல் போட்டார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். மனைவியின் அண்ணன் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "எலும்புக்கு ஒண்ணும் பற்றல்ல மக்கா... சாரமில்ல" என்றான். எங்கள் பக்கம் எலும்பு முறியவில்லை என்றால் அது காயமே இல்லை. அம்மா பாயசம் வைத்தாள்.

கட்டு அவிழ்த்த அன்று பெருவிரல் மட்டும் நிமிர்ந்தது. மற்ற நான்கும் தொங்கிக் கிடந்தன.

"தையல் இறுகியிருக்கும். கொறச்சு நாளுல சரியாவும்" என்றாள் மனைவி. எண்ணெய் போட்டுத் தடவியே மாதங்களைக் கழித்தோம்.

கடைசியில் நாகர்கோவிலில் ஒரு டாக்டர் கையை மேசைமேல் வைக்கச் சொன்னார். "விரலைத் தூக்குங்க." தூக்கப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே சதை திரண்டு எழும்பியது. விரல் அசையவில்லை.

"பாத்தீங்களா, சதை நல்லாத்தான் இருக்கு. அது மேல எலும்புல ஒட்டியிருக்கு. அங்கருந்து கயிறு மாதிரி தசைநாண் புறங்கை வழியா விரல் எலும்புக்குப் போகுது. சதை சுருங்கி கயிறை இழுத்தாத்தான் விரல் நிமிரும். உங்களுக்கு அந்தக் கயிறு அறுந்துட்டு. அது எக்ஸ்ரேயில தெரியாது."

"மடக்க மட்டும் முடியுதே சார்?"

"மடக்குற கயிறு உள்ளங்கைப் பக்கம். அது அறுபடல. சதைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால மடக்குற சதையே விரலைத் திருப்பி நிமிர்த்தவும் முடியாது."

அறுந்த முனை மேலே ஏறிப் போயிருந்தது. ஆபரேஷன் செய்து பார்த்தார்கள். தைத்த கயிறு உள்ளே ஒட்டிக்கொண்டது, விரல் மூட்டுகளும் பாதி இறுகிவிட்டன. பிசியோதெரபியில் அழுததுதான் மிச்சம்.

ஒன்றைப் பிடிக்க வேண்டும் என்றால் முதலில் கை திறக்க வேண்டும்... இது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு கையைத் திறக்க இன்னொரு கை தேவைப்படுகிறவனுக்கு யார் பால்வெட்டு தருவார்கள்? அன்றைக்கே நான் பாதி செத்துவிட்டேன்.

மகள் மட்டும் பள்ளிக்கூடம் போகும்போது என் வலப்பக்கம்தான் நடப்பாள். விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, தன் கையை உள்ளே வைப்பாள். அவை தானாக மூடிக்கொள்ளும்.

"இனி விடக்கூடாதுப்பா" என்பாள். விட எனக்கு எங்கே முடியும்...

இப்போது அவள் நர்ஸ். போன மாதம் துபாய்க்குப் போனாள். அவள் அம்மா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

விமான நிலையத்துக்குப் போக, இரணியல் ஸ்டேஷனில் அவள் ரயிலேறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் பிளாட்பாரத்தில் நின்று டாட்டா காட்டினேன். இடது கையால் காட்டியிருக்கலாமே என்பீர்கள். பழக்கம், வலதுதான் எழும்பியது. மணிக்கட்டு ஆடியது, விரல்கள் கீழ்நோக்கித் தொங்கின. பார்க்கிறவர்களுக்கு யாரையோ கிட்டே கூப்பிடுவதுபோலத்தான் இருக்கும்.

அவள் இருக்கையை விட்டு எழுந்து வாசலுக்கே ஓடிவந்துவிட்டாள். "எதுக்குப்பா கூப்பிட்டிய?"

இந்தக் கையை என்னைவிட நன்றாக அறிந்தவள். அவளுக்கே மறந்துபோய்விட்டது.

"ஒண்ணுமில்ல மக்களே... போயிட்டு வா" என்றேன். வண்டி நகர்ந்தது.

கூப்பிடத்தான் செய்தேன் என்று சொல்லியிருந்தால் இறங்கியிருப்பாளோ, என்னவோ.