பேய்க்குக் கிடைத்த மரியாதை

புதுச்சேரியில் பிரவே என்கிற பிரெஞ்சுப் பள்ளிக்கூடப் பரீட்சை தேறி எங்கள் ஊர் பாகூருக்குத் திரும்பியதும், மனசுக்கு வைத்தியம் படிக்கப் போகிறேன் என்றேன். பிரான்சில் அப்படி டாக்டர்கள் இருப்பதாக எங்கள் வாத்தியார் சொல்லியிருந்தார். அப்பா சிரித்தார்.

"அதுக்கு இன்னாத்துக்குடா கப்பலேறணும்? மடுகரைப் பூசாரி அந்த வேலயத்தான செய்யறாரு. போய்ப் பாரு."

போனேன். பூசாரி உடுக்கை அடிக்க, ஒரு வீட்டு மருமகள் தலையை விரித்துப் போட்டு ஆடிக்கொண்டிருந்தாள்.

"யாரு நீ? இன்னா வேணும்?" என்று வேப்பிலையால் அடித்துக் கேட்டார்.

"என்ன அம்மா வூட்டுக்கு அனுப்பு" என்றது பேய். பேய்க்கு ஏது அம்மா வீடு என்று அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தெருவே கேட்க அவளைச் சனியனே என்று ஏசுகிற மாமியார், "அனுப்பறேன் தாயே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அம்மா வீட்டில் பேய் எட்டிக்கூடப் பார்க்கவில்லையாம். அறுவடைக்கு ஆள் வேண்டுமென்று அவளைத் திரும்பக் கூட்டி வந்தார்கள். கூடவே பேயும் வந்தது. அன்றைக்கும் போயிருந்தேன். மறுபடியும் உடுக்கை, மறுபடியும் வேப்பிலை. பூசாரிக்கு ஒரே பெருமை.

"நம்மகிட்ட ஒரு தரம் வந்தவங்க வேற எடம் போவ மாட்டாங்க தம்பி."

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார். "எப்பிடிடா இருக்கு தொழிலு?"

"நோவு மாமியாருக்கு, அடி மருமவளுக்குப்பா."

இந்தத் தடவை அப்பா சிரிக்கவில்லை. அடுப்படியில் அம்மா என் அண்ணியைத் திட்டிக்கொண்டிருந்தது கூடம் வரைக்கும் கேட்டது.