அடுத்த கேம்ப்புக்கு முதல் பேர் ஜெபக்கனி அக்கா

ஜெபக்கனி அக்கா இறந்துவிட்டார்.

இன்று மதியம் சாப்பாட்டு பெல் அடித்த நேரத்தில் அவர் வீட்டுக்காரர் போன் செய்தார். "சார்... ஜெபக்கனி காலையில தவறிட்டா." கையில் எடுத்த தயிர்ச் சோற்றை என்ன செய்தேன் என்று இப்போது வரை ஞாபகம் இல்லை.

மார்பகப் புற்றுநோயாம். எங்கள் யாருக்கும் தெரியாது.

ஐந்து மாதம் முன்பு, "அம்மைக்கு மேலுக்கு முடியல" என்று சொல்லித்தான் உடன்குடிப் பக்கம் சொந்த ஊருக்குப் போனார். நானும், "பத்து நாள்ல வந்துரோணுமுங்க" என்று அதட்டித்தான் அனுப்பினேன். முடியாமல் இருந்தது அம்மாவுக்கு இல்லை.

தெரியாதவர்களுக்காக... அருள்புரத்தில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில், தைத்து வரும் பனியன்களில் குறை பார்க்கும் செக்கிங் டேபிளில் எட்டு வருடம் நின்றவர் அக்கா. நான் அந்த செக்‌ஷனுக்கு சூப்பர்வைசர். அதாவது அவர்கள் வேலை செய்வார்கள், நான் சத்தம் போடுவேன். பத்தாவதில் இரண்டு தடவை கோட்டை விட்டவனுக்கு வேறு என்ன தகுதி?

நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை அண்ணாச்சி என்பார். யார் மூத்தவர் என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை.

சாயங்காலம் வாட்ஸப்பில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வந்தது. வயது 41 என்று போட்டிருக்கிறது. எனக்கு 47.

என் மகள் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நெசமாவே இவங்க உங்களவிடச் சின்னவங்களாப்பா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ஒருமுறை M சைஸ் பனியனுக்கெல்லாம் L லேபிள் தைத்து வந்துவிட்டது. நான் பார்க்காமலே ஓகே சொல்லி பேக்கிங்குக்கு அனுப்பிவிட்டேன். அக்கா அதில் ஒன்றை எடுத்து வந்து, எல்லோர் முன்னாலும் என் தொப்பைமேல் விரித்துப் பார்த்தார்.

"L-ன்னு போட்டிருக்கு... உங்க வயித்துல பாதிக்குக் கூடக் காணலியே அண்ணாச்சி!"

டேபிளே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம்தான் விஷயம் புரிந்து வியர்த்தது. மேனேஜர் காதுக்குப் போகாமல் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, லேபிள் மாற்றி, என் வேலையைக் காப்பாற்றியது அக்காதான்.

"கட்டி கைக்குத் தட்டுப்பட்டு ரெண்டு வருசமாச்சாம் சார்" என்றார் வீட்டுக்காரர். "எங்கிட்டயே சொல்லல. வலிக்கலல்லா, வலிச்சாப் பாத்துக்கிடுவோம்னு இருந்திருக்கா. லீவு போட்டா அவ எடத்துல வேற ஆளு நின்னுருமோன்னு ஒரு பயம்." ஊரில் பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது நுரையீரல் வரை பரவிவிட்டதாம்.

எங்கள் முதலாளியம்மாவுக்கும் இதே வியாதிதான் வந்தது. ஏறக்குறைய அதே சமயம்தான். வருடா வருடம் கோயமுத்தூரில் செய்துகொள்ளும் செக்கப்பில், பாசிப்பயறு அளவு இருக்கும்போதே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆபரேஷன், மருந்து... இப்போது நன்றாக இருக்கிறார். இன்னும் ரொம்ப நாள் நன்றாக இருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

போன ஆயுத பூஜைக்கு அவர் கையால்தான் எல்லோருக்கும் பொரி கொடுத்தார். அக்காவும் வாங்கிக்கொண்டு வந்தார். "அம்மா மொகம் தெளிஞ்சிருக்கு பாத்தியளா அண்ணாச்சி? ஆண்டவரு காப்பாத்திட்டாரு" என்று அவ்வளவு சந்தோஷப்பட்டார்.

தன் உடம்பில் அதே கட்டியை வைத்துக்கொண்டு...

இனி எழுதுவதை மூன்று தடவை அழித்துவிட்டு எழுதுகிறேன்.

போன வருடம், எங்கள் சரக்கை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து, தொழிலாளர்களை ஒழுங்காகக் கவனிக்கிறோமா என்று பார்க்க ஆடிட் வருகிறார்கள் என்று பெண்களுக்கு கேன்சர் கேம்ப் வைத்தார்கள். கேன்டீனில் துணி கட்டி மறைத்து ஒரு டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். மேனேஜர், "செக்‌ஷனுக்குப் பத்துப் பேரை அனுப்பு" என்றார். அன்று சாயங்காலம் கன்டெய்னர் கிளம்ப வேண்டும்.

சூப்பர்வைசர்கள் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். புதிதாகச் சேர்ந்த சின்னப் பெண்கள், கை மெதுவானவர்கள்... இவர்களைப் பொறுக்கி அனுப்பினேன். வேகமான கையை யார் டேபிளை விட்டு அனுப்புவார்கள்?

அக்கா கேட்டார். "நானும் ஒரு எட்டு போயிட்டு வாரேனே அண்ணாச்சி. அந்த டாக்டரம்மாகிட்ட ஒண்ணு கேக்கணும்."

"அக்கா, நீங்க போனா டேபிளே படுத்துக்குமுங்க. உங்களுக்கென்னுங்க, கல்லாட்டம் இருக்கறீங்க. அடுத்த கேம்ப்புக்கு மொதல் பேரே உங்களுதுதானுங்க."

"கல்லுன்னே சொல்லிட்டிய... பெறகென்ன" என்று சிரித்துவிட்டு அடுத்த பனியனை எடுத்தார்.

என்ன கேட்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த கேம்ப் என்று ஒன்று நடக்கவே இல்லை.

ஆடிட்டுக்கு முந்தின நாள் ஆபீஸிலிருந்து ஒரு ஃபாரம் வந்தது. செக்‌ஷனில் எல்லோரையும் பரிசோதித்த மாதிரி நிரப்பித் தரச் சொன்னார்கள். டீ குடித்துக்கொண்டே முப்பத்திரண்டு பேருக்கும் எழுதிக் கொடுத்தேன். ஜெபக்கனி... நார்மல்.

இன்று போனை வைக்கும் முன் அவர் வீட்டுக்காரர் சொன்னார்: "கம்பெனியில அண்ணாச்சி தங்கமான மனுசன்னு சொல்லிட்டே கெடப்பா சார். நாளைக்கு அடக்கம். முடிஞ்சா வாங்க."

பஸ் ஏறிவிட்டேன்.

வந்துட்டிருக்கறனுங்க அக்கா. உங்க பேருக்கு நேரா நார்மல்னு எழுதுனது நானுங்க. அதை உங்ககிட்டச் சொல்லிப்போட்டுத்தான் ஒரு பிடி மண்ணு போடுவனுங்க.