தானே பூட்டிக்கொண்ட கதவு

வெளிநாட்டில் கல்லூரியில் படித்தபடியே அவள் ஒரு வீட்டில் தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். அன்று அடுப்பில் எண்ணெய் காயும்போது குப்பைப் பையை வைக்க வெளியே வந்தாள். அவள் ஊரில் கதவைப் பூட்ட ஆள் வேண்டும்; இங்கே அது தானே பூட்டிக்கொண்டது. சாவியும் நாலு வயது வாண்டும் உள்ளே. அவள் கதவைப் படபடவென்று தட்டினாள்.

"கண்ணு, அடுப்புக்கிட்ட போகாதே! கதவைத் திற!"

"மாட்டேன் போ! யாருக்கும் திறக்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே?"

கதவிடுக்கில் எண்ணெய் புகையும் வாடை வந்தது. அவள் அழுகையை விழுங்கிக்கொண்டு, "அக்கா வெளியே ஒளிஞ்சிருக்கேன். முடிஞ்சா வந்து பிடி, பார்ப்போம்!" என்றாள்.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. அவள் பாய்ந்து போய் அடுப்பை அணைத்தாள்.

"அக்கா அவுட்டு! இப்போ நான் ஒளியறேன்," என்று குட்டி வாசலுக்கு ஓடியது.